கிழமை பார்த்துக் கேட்கும் துக்கம்

அந்தப் பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தாராளமாகக் காலை நீட்டிக்கொள்ளுங்கள், ஐயா. உடையக்கூடியது ஒன்றுமில்லை, எல்லாம் புத்தகம். போகும்போது கொண்டுபோனது. ஒன்றையும் பிரிக்காமல் அப்படியே திரும்பக் கொண்டுபோகிறேன். தூக்கியவனுக்குத் தோள் வலி மட்டும் மிச்சம்.

நீங்களும் சென்னைக்குத்தானே? நானும். அங்கே முதுகலைத் தமிழ் படிக்கிறேன். தமிழ் படிப்பதால்தான் இப்படிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சின்ன வயதிலிருந்தே இப்படிப் பேசியதால், வேறு வழியில்லாமல் வீட்டில் தமிழில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயர் ஆவுடையப்பன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம்.

ஐதராபாத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டீர்களே, நண்பன். இன்று காலை வரைக்கும் யோசிக்காமல் நண்பன் என்று சொல்லியிருப்பேன். இசக்கிராஜா என்று பெயர். பக்கத்து வீடு. நான் அவனிடம் துட்டி கேட்கப் போனேன். துட்டி என்றால் எங்கள் பக்கம் சாவு. சாவு விழுந்த வீட்டுக்குப் போய் விசாரித்துவிட்டு வருவதைத் துட்டி கேட்பது என்போம். கேட்கப் போனவன் கேட்காமலே திரும்பிக்கொண்டிருக்கிறேன். இதில் யார் மேல் தப்பு என்று நீங்கள் முழுவதும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். நானே சொன்னால் ஒருதலையாக இருக்கும். என் மேல் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லி வைக்கிறேன்.

போனது இசக்கியின் அம்மா. ஐப்பசியில். காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அவரைச் சித்தி என்று கூப்பிடுவேன். இரத்த உறவு கிடையாது, சுவர் உறவு. இசக்கி ஐதராபாத்தில் எம்.எஸ்சி. சேர்ந்து அப்போது ஒரு பருவம்கூட முடியவில்லை. அவன் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது முகம் பார்க்க மட்டும்தான் நேரம் இருந்ததாம். எனக்கு அந்த வாரம் தேர்வு. போக முடியவில்லை.

தொலைபேசியில் கூப்பிட்டாயா என்கிறீர்கள். சாவு வீட்டில் இருப்பவனைத் தொலைபேசியில் கூப்பிட்டு என்ன பேசுவது? முறையாக எழுதி அனுப்பினேன். ஒரு வெண்பா. இரங்கல் வெண்பா எழுதுவது சாதாரணம் இல்லை, ஐயா. அழுகை முட்டும்போது தளை தட்டும். எனக்கும் இரண்டாம் அடியில் தட்டிவிட்டது. மறுநாள்தான் கவனித்தேன். உடனே திருத்தி, இதுவே சரியான பாடம் என்று ஒரு குறிப்பும் போட்டு மறுபடி அனுப்பினேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கும்பிடு படம் அனுப்பினான். அதற்காக நான் வருத்தப்படவில்லை. யாப்பு எல்லோருக்கும் பிடிபடுவதில்லை.

மார்கழியில் அவனே கூப்பிட்டான். "ஏல புலவரே, எங்க வீட்டுல இந்த வருசம் பொங்கல் கெடையாதுல்லா. அப்பா தூத்துக்குடியில அக்கா வீட்டுக்குப் போய்ட்டாவ. வீடு பூட்டிக் கெடக்கு. நான் எங்கயும் போகல. ஒனக்கு லீவுதான, இங்க வாயேம்ல" என்றான்.

"துட்டி கேக்க நானே வரணும்னுதாம்ல இருந்தேன்" என்றேன்.

"வா. வந்து கேளு" என்றான்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'வந்து கேளு' என்றான். நான் மறுக்கவில்லை. பொங்கல் விடுமுறையில், எங்கள் வீட்டில் கரும்பை அப்படியே போட்டுவிட்டுப் புறப்பட்டேன். ரயிலில் போகும்போதே எனக்கு ஒரு சந்தேகம். துட்டி வீட்டுக்கா, ஆளுக்கா? சாவு நடந்த வீடு அம்பாசமுத்திரத்தில் பூட்டிக் கிடக்கிறது. ஐதராபாத்தில் அவன் குடியிருக்கும் வாடகை அறையைத் துட்டி வீடு என்று சொல்ல முடியுமா? சொன்னால் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்வாரா? சிரிக்காதீர்கள். இதெல்லாம் யோசிக்க வேண்டிய விஷயம்.

போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் சீட்டுக் கிடைத்தது. எங்கள் ஊரில் செவ்வாயும் வெள்ளியும் துட்டி கேட்க மாட்டார்கள். சனியும் கூடாது என்கிறவர்கள் உண்டு. சரி, கிழமை ஒதுங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

நிலையத்துக்கு வந்திருந்தான். மெலிந்திருந்தான். அம்மாவுக்கு மொட்டையடித்த தலையில் முடி இன்னும் சீப்புக்கு அடங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்தவன் ஆட்டோ வரைக்கும் விடவில்லை. எனக்கோ பை தூக்கத் தோதில்லை. மெதுவாக உருவிக்கொண்டேன்.

தார்நாக்கா பக்கம் ஒரு மாடி அறை. வாரங்கல்லைச் சேர்ந்த வம்சி என்கிற பையனும் அவனும் தங்கியிருக்கிறார்கள். எனக்கு நாற்காலியைப் போட்டுவிட்டு இசக்கி எதிரே தரையில் உட்கார்ந்தான். வம்சி தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, தானாகவே வெளியே போய்விட்டான். இசக்கி என்னைப் பார்த்தபடி இருந்தான். எனக்குத் தெரியாதா? துட்டி வீட்டில் அப்படித்தான் உட்காருவார்கள். வந்தவன் வாயைத் திறக்கட்டும் என்று இருப்பார்கள். கேட்டிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை, ஐயா.

ஏதாவது பேச வேண்டுமே. "இந்த ஊருக்குக் குடிதண்ணி எங்க இருந்துல வருது?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. நானே சொன்னேன். மூசி ஆற்றில் பெருவெள்ளம் வந்தது, அதற்குப் பிறகு ஏரி கட்டினார்கள், எல்லாம் சொன்னேன். ஒரு ஊரில் குடியிருப்பவன் அந்த ஊர்த் தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா? அவன் "ம்" என்று கேட்டுக்கொண்டான். தேநீர் ஆறிவிட்டது.

படுக்கை விரித்தபோது, "குளுரும்ல, இதப் போத்திக்க" என்று ஒரு பழைய சேலையை மடித்துக் கொடுத்தான். பச்சையில் வெள்ளைப் புள்ளி. பார்த்ததும் தெரிந்தது. சித்தி வெள்ளிக்கிழமைதோறும் உடுத்துகிற சேலை. அவன் கையில் வைத்துக்கொண்டே நின்றான், நான் வாங்குகிற வரை. வாங்கி, புள்ளியைத் தடவிப் பார்த்து, "சுங்குடி. ஆனா இது கைமுடிச்சு இல்லல. மெழுகு அச்சு" என்றேன். கைமுடிச்சு என்றால் நூலால் ஒவ்வொரு புள்ளியாக முடிந்து சாயத்தில் தோய்ப்பார்கள், புள்ளி ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அதையும் விளக்கினேன். "அப்படியா" என்றான். அவன் அம்மா உடுத்திய சேலை, அவனுக்கே அது தெரியவில்லை.

எனக்கா? தூக்கம் வரவில்லை. புது இடம் இல்லையா. அந்தச் சேலையில் தையல் மிஷின் எண்ணெய் வாசம் வேறு.

சனிக்கிழமை கோல்கொண்டாவுக்குப் போனோம். கோட்டையின் கீழ்வாசலில் நின்று கை தட்டினால் மலை உச்சியில் கேட்கும் என்பார்கள். "நீ மேல போ, நான் தட்டுதேன்" என்று அவனை அனுப்பினேன். வெகு நேரம் தட்டினேன். வாசலில் நின்ற வழிகாட்டி ஒருவர், "போதும், உள்ளங்கை பழுத்துவிடும்" என்று ஹிந்தியில் சொன்னார் போலிருக்கிறது. பிறகு நான் ஏறிப் போனேன். உச்சியில் ஒரு சுவரோரம் குந்தியிருந்தான். கண் சிவந்து கிடந்தது. அங்கே காற்றில் தூசி அதிகம்.

"கேட்டுச்சால?"

"என்னது?"

"கைதட்டு."

"கேக்கல" என்றான். எப்படிக் கேட்காமல் போகும்? வளைவின் அமைப்பு அப்படி. அதை விளக்க ஆரம்பித்தேன். நடுவில் அவன் சொன்னான்: "எல்லாரும் காய்ச்சலப் பத்தியே கேக்காவ ஆவுடை. எப்பம் படுத்தாவ, எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து. எங்கம்மையப் பத்தி ஒருத்தரும் கேக்கல. அப்பா வாயே தெறக்கல. எனக்கு அந்தக் காய்ச்சல விட்டு வெளிய வரவே முடியல. அவ காய்ச்சலுக்கு முன்னால எப்படி இருந்தாள்னு நெனச்சுப் பாத்தா மொகமே வர மாட்டேங்கு."

நான் என்ன செய்ய? சனிக்கிழமை. போதாக்குறைக்குச் சுற்றுலாத் தலம். பக்கத்தில் ஒரு குடும்பம் பொரி தின்றபடி படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. துட்டி என்பது வீட்டுக்குள், உட்கார்ந்து, கேட்க வேண்டியது. "இறங்குவோம்ல, வெயில் ஏறுது" என்றேன். இறங்கும்போது முன்னால் நடந்தான். நான் குதுப் சாகி அரசர்களின் வரிசையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். ஒருவர் விட்டுப் போனது. அதை அறைக்குத் திரும்பிய பிறகு சேர்த்துச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைக்குக் கிழமைத் தடை இல்லை. கேட்டே விடுவது என்று எழுந்தேன். பார்த்தால் அடுப்பங்கரையில் நிற்கிறான். கூட்டாஞ்சோறு வைக்கிறானாம். அது எங்கள் பக்கத்துச் சாப்பாடு, ஐயா. அரிசியும் பருப்பும் காய்கறியும் ஒன்றாகவே வேகும். தேங்காயும் சீரகமும் அரைத்து விட்டு முருங்கைக்கீரை போட்டு இறக்க வேண்டும். முருங்கைக்கீரைக்குத் தெலுங்கில் என்ன பெயர் என்று வம்சியிடம் கேட்டு, சந்தை முழுக்க அலைந்து வாங்கி வந்திருக்கிறான். தொட்டுக்கொள்ள வடகம். சோற்றை அரைத்து வெயிலில் பிழிந்து காய வைத்துப் பொரிப்பார்களே, அது.

மூன்று பேரும் தட்டோடு உட்கார்ந்தோம். வடகத்தை என் தட்டில் வைத்துவிட்டு இசக்கி சொன்னான்: "எங்கம்மை கோடையில பிழிஞ்சது. இதோட தீந்துது."

நான் ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் பொரிஞ்சிருக்கணும்ல" என்றேன். உண்மையைத்தானே சொன்னேன்? நடுவில் வெள்ளையாகவே இருந்தது. சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு வேறென்ன பேசுவது? தட்டின் முன்னால் துட்டி கேட்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

அப்போது இந்த வம்சி, அவன் அரைத் தமிழில் என்னிடம் கேட்கிறான்: "இவன் அம்மா எப்படி இருப்பாங்க? நான் எத்தனையோ தரம் கேட்டேன். சொல்ல வரலன்னான். ஃப்ரெண்ட் வருவான், அவன் நல்லா பேசுவான், அவன் சொல்வான்னு சொன்னான். சொல்லுங்க."

இசக்கி பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தான். ஐயா, நீங்களே சொல்லுங்கள். கேட்பவன் மூன்றாம் மனிதன், துட்டி இன்னும் முறைப்படி கேட்கவே இல்லை, அதற்குள் போனவரைப் பற்றிக் கதை சொல்வதா? "அப்புறம் சொல்றேன், இப்ப சாப்பிடலாம்" என்றேன். கூட்டாஞ்சோற்றில் மாங்காய் சேர்ப்பது பிற்காலத்து வழக்கமாக இருக்கலாம் என்ற என் கருத்தைச் சொன்னேன். இசக்கி தட்டோடு எழுந்து போய்விட்டான். வம்சி பின்னாலேயே போய் அவன் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். பழகி ஆறு மாதம் இருக்குமா? அதற்குள் தோளில் கை.

இந்தச் சட்டைப் பையில் கறை தெரிகிறதா? எண்ணெய். அந்த வடகத்தில் ஒன்றை எப்படியோ பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது தூளாகக் கிடக்கிறது. ஏன் போட்டேன் என்று தெரியவில்லை. சட்டைதான் பாழ்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு இன்னொன்று உறைத்தது. துட்டி கேட்காமல் அந்த வீட்டில் கை நனைக்கக் கூடாது. நான் வெள்ளிக்கிழமை தேநீர் குடித்தபோதே முறை தப்பிவிட்டது. தப்பிய முறையை எந்த இடத்தில் பிடித்து நேராக்குவது? அதை யோசித்ததில் பொழுது போய்விட்டது.

இன்று திங்கள். நல்ல கிழமை. வழியனுப்ப நிலையத்துக்கு வந்தான். எங்கள் ஊரில் ஆண்களுக்குத் துட்டி கேட்பது பெரிய காரியமே இல்லை, ஐயா. பெண்கள்தான் கட்டிக்கொண்டு அழ வேண்டும். ஆண் இரண்டு கையையும் நீட்டினால் போதும். பறிகொடுத்தவன் அதைத் தொடுவான். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. நடைமேடையில் நீட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் பாருங்கள், இரண்டு கையிலும் பை.

"பையக் கீழ வைல" என்றான் இசக்கி.

"தரையெல்லாம் ஈரம்ல. புஸ்தகம்" என்றேன்.

ரயில் வந்து நின்றது. ஏறி, பையை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். அவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். "ஏல, நீ ஒண்ணுமே கேக்கலியே" என்றான்.

பொறுமையாக விளக்கினேன். வெள்ளி ஆகாது. சனி சிலருக்கு ஆகாது. ஞாயிறு சாப்பாடு. கை நனைத்த சிக்கலையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன் சிரித்துவிட்டான். நன்றாகவே சிரித்தான். மூன்று நாளில் அவன் சிரித்தது அப்போதுதான். பரவாயில்லை, பையன் தேறிவிட்டான் என்று எனக்கும் சந்தோஷம். வண்டி நகர்ந்தது. "போயிட்டு வாரேம்ல" என்றேன்.

அதற்கு அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சொல்லாமப் போ ஆவுடை. துட்டிக்கு வந்தவன் சொல்லிக்கிட்டா போவான்?"

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. வழக்கம் அதுதான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்தான் துட்டியே கேட்கவில்லையே! கேட்காதவனை எப்படித் துட்டிக்கு வந்தவன் என்று சொல்லலாம்? தர்க்கம் இடிக்கிறதா இல்லையா? வேறு அர்த்தத்தில் சொன்னான் என்றால், இனி வராதே என்று சொன்னதாக ஆகிறது. சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தான். கை காட்டவில்லை. வண்டி போகிற வரைக்கும் நிற்கவும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து பழக்கம், ஐயா. காலையிலிருந்து இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். எந்த அர்த்தத்தில் சொன்னான்?

சித்தி எப்படிப்பட்டவரா? நீங்களும் வம்சி மாதிரியே கேட்கிறீர்களே.

பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். நான் பள்ளிக்கூடம் விட்டு நேரே அங்கேதான் போவேன். படித்ததையெல்லாம் மிஷின் பக்கத்தில் நின்று ஒப்பிப்பேன். எங்கள் வீட்டில் நான் வாயைத் திறந்தாலே ஆளுக்கொரு வேலை வந்துவிடும். சித்தி மட்டும், "பொறு ஆவுடை, இந்த ஓரத்த அடிச்சுக்கிடுதேன், மிஷின் சத்தத்துல பாதி போயிரும்" என்பார். அடித்து முடித்து, சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு, "ம், இப்பம் சொல்லு" என்பார். சும்மா சொல்வதில்லை, ஐயா. உண்மையிலேயே நிறுத்திவிடுவார். தைக்கத் துணி கொடுத்தவள் வாசலில் நின்று கத்தினாலும், "இரு தாயி, பிள்ள பேசிக்கிட்டிருக்கான்" என்பார். இசக்கி உள்ளேயிருந்து, "எம்மா, அவனக் கேட்டா ராத்திரி வரைக்கும் பேசுவான்" என்று கத்துவான். "பேசட்டும்ல. ஒனக்குத்தான் பேச வரல, கேக்கவாவது படி" என்பார். ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு சிரிப்பார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். இடது பக்கம் ஒரு தெற்றுப்பல். சிரிக்கும்போது ஊசி அதில்தான் மாட்டிக்கொண்டு நிற்கும். ஒரு நாள் என்னிடம், "இம்புட்டையும் மண்டைக்குள்ள வச்சுக்கிட்டு ஒனக்கு எப்படில தூக்கம் வருது?" என்று கேட்டார். நிஜமான கவலையோடு கேட்டார்.

பொறுங்கள், ஐயா. தொலைபேசி. இசக்கிதான்.

ஏல... சொல்லு. ஆமா, எடம் இருக்கு, ஜன்னல் பக்கந்தான். சாப்பிட்டேன். விஜயவாடா தாண்டியாச்சு, இந்தா கிருஷ்ணா பாலத்துல ஏறுது. இந்தப் பாலம்... இல்ல, பாலத்தப் பத்தி ஒண்ணுமில்ல. நீ சொல்லு.

...

ஏல இசக்கி? லைன்ல இருக்கியா?

சரி. பேசாண்டாம். ஆனா வைக்காத. நீ பாட்டுக்கு இரு, நானும் இருக்கேன்.

...

தெத்துப்பல்லுல. எடது பக்கம். ஊசி அதுலதான் மாட்டி நிக்கும். இப்பம் வருதா மொகம்? ... ஆமா. கண்ணாடி மூக்குல எறங்கி... ஆமாம்ல, அதேதான்.

...

நானா? நான் எங்கல அழுதேன். அது பாலம். இரும்புப் பாலத்துல வண்டி போனா அப்படித்தான் கேக்கும்.

ஐயா, பாலம் முடிந்து வெகு தூரம் வந்தாயிற்று என்று நீங்கள் எனக்குக் கை காட்ட வேண்டியதில்லை. எனக்கும் ஜன்னல் இருக்கிறது.

ஆமால... இன்னும் பாலந்தான். பெரிய ஆறுல்லா. முடியவே மாட்டேங்கு.